ஆடு தின்ற நோட்டீஸ்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை ஆரம்பிப்பதே தவறு. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் ஒன்பதாவது விதி, பணி தொடர்பான எதையும் எழுத்தாக வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. நான் எதையும் கொண்டுவரவில்லை. தலையில் இருப்பதை விடுதிக்கு வந்து எழுதுகிறேன், அவ்வளவுதான். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

வேலை இதுதான். காலை ஒன்பதரைக்கு வாசலில் கைப்பேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போகிறேன். ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். அரசு கண்காணிக்கச் சொன்ன ஒருவர் முந்தின நாள் போனில் பேசியதெல்லாம் கணினியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும்: 'தொடர்புண்டு', 'தொடர்பில்லை'. தொடர்பில்லை என்றால் அந்தப் பேச்சு இரண்டு நாளில் தானாக அழிந்துவிடும். தொடர்புண்டு என்றால் சுருக்கம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். பேச்சு கோப்பில் தங்கிவிடும்.

மற்றவர்களின் தமிழைப் பெரும்பாலும் இயந்திரமே எழுத்தாக்கிவிடுகிறதாம். எங்கள் கடற்கரைப் பேச்சு மட்டும் அதற்குப் பிடிபடவே இல்லை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு ஒரு பதிப்பகத்தில் இரண்டு வருடம் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது அதனால்தான். நேர்காணலில் கேட்ட ஒரே கேள்வி, "ஊரு எதும்மா?"

எனக்குக் கொடுத்த எண் 41.

ஜூன் 5, வியாழன்

எண் 41 ஒரு பெண். பெயர் செசிலி, வயது ஐம்பத்திரண்டு, மீன் விற்கிறவர். எங்கள் ஊரிலிருந்து கடலோரமாகவே நடந்தால் மூன்றாவது ஊர். அங்கே ஒரு ரசாயன ஆலை கழிவைக் கடலுக்குள் கொண்டுபோய் விடக் குழாய் போடுகிறது. அதை எதிர்க்கும் பெண்கள் சங்கத்துக்கு இவர் தலைவி. கோப்பின் முதல் பக்கத்தில் 'பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடியவர்' என்று எழுதியிருக்கிறது.

இன்று கேட்டவை நான்கு. ஐஸ் வரவில்லை என்று ஐஸ் கம்பெனிக்காரரோடு சண்டை. நாத்தனாரோடு ஒரு கல்யாணப் பேச்சு. வங்கியிலிருந்து வந்த தவறான அழைப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு மகளோடு இருபது நிமிடம். நான்கும் தொடர்பில்லை.

அவர் மகளை, எங்கள் பக்கத்து அம்மாக்களைப்போல, "ஏட்டி" என்று கூப்பிட்டதும் ஒலி சரியாக இல்லை என்று தோன்றியது. திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒலி சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

பக்கத்து இருக்கை சௌந்தரி. ஈரோட்டுக்காரி, எனக்கு மூன்று வயது மூத்தவள். அவளுக்குக் கொடுத்திருப்பது ஒரு விவசாயச் சங்கத் தலைவரை. அவரை அவள் தன் கொங்குப் பேச்சில் 'என்ற மாமனார்' என்கிறாள்.

"என்ற மாமனாரு இன்னைக்கு ஒரு எருமையைப் பத்தியே நாப்பது நிமிசம் பேசறாரு புள்ள. அதோட வாலு நெகம்னு ஒண்ணு விடாம. எனக்கே வாங்கிப் போடலாம்னு ஆயிருச்சு."

"எருமை தொடர்புண்டா, இல்லையா?"

"எருமை போராட்டத்துக்கு வருமான்னு கேட்டுச் சொல்றேன், இரு."

சிரித்தோம். மேலதிகாரி நடேசமூர்த்தி சார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்தார். அவர் கோபப்படுகிறவர் இல்லை. மதியம் எல்லோர் மேசையிலும் இரண்டிரண்டு வேர்க்கடலை உருண்டை வைத்துவிட்டுப் போவார். "கேட்டுக் கேட்டுக் காது சூடாகும்மா. எதையாவது மெல்லணும்," என்பார்.

ஜூன் 12, வியாழன்

ஐந்து அழைப்புகள். ஐந்தும் தொடர்பில்லை. மழை. குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மகள் பெயர் ஜெனோவா. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கும் மகளுக்கும் இப்போது அதுதான் பேச்சு. அங்கே வெயில் எப்படி, கருவாடு கொண்டுபோக விடுவார்களா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் இருக்குமா. கருவாட்டைச் சேலைக்குள் சுற்றி வைக்கலாம் என்று செசிலி ஒரு வழி சொன்னார். "அப்புறம் ஏர்போர்ட்ல என்னைய நாயி கவ்விட்டுப் போவும்," என்றாள் ஜெனோவா.

கல்லூரியில் அகப்பாடல்கள் படித்தபோது 'தலைவன் சிறைப்புறமாக' என்று ஒரு துறைக்குறிப்பு வரும். தலைவன் வேலிக்கு வெளியே நிற்பான். அவன் காதில் விழட்டும் என்றே தலைவியும் தோழியும் பேசுவார்கள். எனக்கு அப்போது அது மிகவும் பிடித்திருந்தது. நானும் இப்போது வேலிக்கு வெளியே நிற்கிறேன். ஆனால் உள்ளே பேசுகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. இதற்கு இலக்கணத்தில் துறை இல்லை.

நான் ஒரு தீங்கும் செய்யவில்லை. பதினேழு நாளில் அறுபத்தெட்டுப் பேச்சு கேட்டு, அறுபத்தெட்டையும் தொடர்பில்லை என்று அழித்திருக்கிறேன். என் இடத்தில் அந்தப் பேச்சு புரியாத ஒருவர் இருந்திருந்தால், ஐஸ் கம்பெனிக்காரரை அவர் "ஒன் வாசலுக்கு நூறு பேர கூட்டிட்டு வந்துருவேன்" என்று மிரட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் அதற்கு 'ஐஸ் அனுப்பு' என்றுதான் பொருள்.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். தலையணை உறை கிழிந்திருந்தது, தைத்தேன். நூலகத்தில் எடுத்த தடிமனான ருஷ்ய நாவலில் எண்பது பக்கம். அறைத்தோழி ஊருக்குப் போயிருக்கிறாள். நாள் முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை என்பது சாப்பாட்டுக்கூடத்தில் "ரசம்" என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. குரல் கட்டியிருந்தது.

ஏழு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

நடேசமூர்த்தி சார் கூப்பிட்டார்.

"என்னம்மா அமலி, நாப்பத்தொண்ணுல ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல சார். எல்லாம் வீட்டுப் பேச்சு, வியாபாரம்."

"சங்கத்தப் பத்திப் பேசவே மாட்டாங்களா?"

"அது நேர்லயே பேசிக்கிறாங்க போல."

"நல்லது, நல்லது. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை கமிட்டி பாக்கும். ஆகஸ்ட் முதல் வாரம். ஒரு தொடர்பும் இல்லன்னா எண்ணை விட்டுருவாங்க. உங்களுக்கு வேற எண் தருவோம்."

நல்ல செய்தி. அந்த அம்மாளைப் பற்றிய கவலை இனி இல்லை. இன்னும் நான்கு வாரம்.

சாயங்காலம் தலைவலி. சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று ஏழு மணிப் பேச்சு. முடிந்தவரை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏட்டி, நேத்து பூசையில நடந்தத கேளு. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நோட்டீசு ஒட்டுனோம்லா, கோயில் மதில்ல. பதினெட்டு நோட்டீசு. பச காய்ச்சுனது நம்ம சவேரியம்மா."

"அவ எதுக்கு? அவளுக்குக் கஞ்சியே காய்ச்சத் தெரியாதுலா."

"அதத்தான் சொல்லுதேன். மைதாவுல உப்பு போட்டு, வாசமா இருக்கட்டும்னு கருப்பட்டி வேற தட்டிப் போட்ருக்கா. ராத்திரி பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு ஆடு வந்து பதினேழையும் தின்னுட்டு."

"தலைவர் வீட்டு ஆடா? அப்ப கம்பெனி கட்சி."

"கம்பெனி கட்சிதான். பதினெட்டாவத தின்னுக்கிட்டு இருக்கும்போது பூசை மணி அடிச்சிட்டு. நேரா உள்ள வந்துட்டு. ஃபாதரு பிரசங்கம். நாப்பது நிமிசமா பேசுதாரு, பிள்ளைகள்லாம் கண்ணு சொருகிட்டு கெடக்கு. ஆடு நடு வழியில நடந்து போய் அவருக்கு முன்னால நிக்கு. அதுக்கத் தாடியில நோட்டீசு துண்டு ஒண்ணு ஒட்டிக்கெடக்கு. என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

"என்ன?"

"'உடனே நிறுத்து!'"

ஜெனோவா சிரிக்கத் தொடங்கினாள். அம்மா பேச முடியாமல் சிரித்தார்.

"ஃபாதரு... ஃபாதரு கண்ணாடிய மாட்டி அத வாசிச்சாரு ஏட்டி. வாசிச்சிட்டு, 'ஆமென்'னு சொல்லி எறங்கிட்டாரு. வெளிய வந்து நாங்க எல்லாரும் ஆட்டுக்கு முட்டக்கோசு வாங்கிக் குடுத்தோம்."

பதினோரு நிமிடம். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். சௌந்தரி என் முதுகைத் தட்டினாள்: "என்ன புள்ள, அழுவறயா?"

இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தேன். அம்மா இறப்பதற்கு முந்தின கிறிஸ்துமஸ்.

ஜூலை 16, புதன்

ஆட்டுக்கதை நாளை பிற்பகலுக்குள் அழிந்துவிடும்.

எண் 41-ஐ முழுக்க வெறுமையாகக் காட்டினால் நான் கேட்காமலே அழுத்துகிறேன் என்று மேலே நினைக்கலாம். அந்தப் பேச்சில் கூட்டம் பற்றிய குறிப்பு இருப்பது உண்மை. கூட்டம் நோட்டீஸ் ஒட்டி ஊருக்கே அறிவித்தது. அதில் இரகசியம் எதுவும் இல்லை, அதனால் யாருக்கும் கெடுதல் வராது. மூன்றும் சரியான காரணங்கள்.

தொடர்புண்டு என்று மாற்றி அழுத்தினேன்.

சுருக்கம்: 'ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அறிவிப்பு பதினெட்டுப் பிரதிகள். ஒட்டிய இடம்: கோயில் மதில். பசை காய்ச்சியவர்: சவேரியம்மாள்.' படிவத்தில் ஆட்டுக்குக் கட்டம் இல்லை. எழுதியதில் பொய் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 18, வெள்ளி

மதிய இடைவேளையில் ஆட்டுக்கதையை ஒருமுறை கேட்டேன். நேற்று இரண்டு முறை.

ஜூலை 22, செவ்வாய்

மேசையில் மூன்று வேர்க்கடலை உருண்டை. "முதல் தொடர்பு! நல்லா சுருக்கமா எழுதியிருந்தீங்கம்மா. படிக்கிறவங்களுக்கு ஒரு குழப்பமும் இல்ல," என்றார் சார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எண் 41 இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கப்பட்டது. கோப்பில் முத்திரை பார்த்தேன்.

இன்று கேட்ட ஏழு மணிப் பேச்சு வழக்கத்தைவிட நீளம். ஜெனோவாவுக்கு விசா வந்துவிட்டது. இந்த மாதம் 31க்குள் போய்ச் சேர வேண்டும். பாக்கி இருப்பது ஒன்றுதான்: அவள்மீது வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சர்டிபிகேட். "ஒம்மேல என்ன கேசு இருக்கப் போவுது, ஏட்டி? எலும்பு முறிஞ்சவனுக்குக் கட்டுப் போட்டேன்னு கேசா?" என்றார் செசிலி.

கேட்டு முடித்துவிட்டு வரிசையைப் பார்த்தேன். கீழே புதிதாக ஒரு தலைப்பு இருந்தது: 41-அ. ஜெனோவாவின் எண்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாரிடம் போனேன்.

"சார், மகளை எதுக்குச் சேர்த்திருக்கு? அவளுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"நாம சேக்கல. தானா சேரும். தொடர்புண்டுன்னு வந்த பேச்சுல மறுமுனையில யார் இருக்காங்களோ, அவங்க பேரும் ஏறிடும். விதிமுறை பத்தாம் பக்கம் பாருங்க."

"அந்தப் பேச்சை நான் தப்பா குறிச்சுட்டேன். தொடர்பில்லைன்னு மாத்தணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொடர்பில்லைங்கறதைத் தொடர்புண்டுன்னு மாத்தலாம். அதுக்கு ரெண்டு நாள் இருக்கு. தொடர்புண்டுங்கறதை மாத்த வழியே வைக்கல. யாராவது பணிஞ்சு போய் மாத்திடுவாங்கன்னு அப்படி. என்னம்மா தப்பு அதுல? கூட்டம் நடந்துச்சு இல்ல?"

"நடந்துச்சு."

"நோட்டீஸ் ஒட்டினாங்க இல்ல?"

"ஆடு தின்னுடுச்சு சார்."

அவர் புரியாமல் பார்த்தார்.

பத்தாம் பக்கத்தை ஜூன் மாதமே படித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சர்டிபிகேட் வரவில்லை. ஜெனோவாவோடு விண்ணப்பித்த மூன்று பெண்களுக்கும் வந்துவிட்டது. நேற்று இரண்டு பேர் மருத்துவமனைக்குப் போய் மேட்ரனிடம் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். மற்ற நர்ஸ்கள் அவளோடு சாப்பிட உட்காரவில்லையாம்.

"என்னைய கேட்டாவ, 'ஒங்கம்மா கூட்டத்துக்கு நோட்டீசு நீ அடிச்சுக் குடுத்தியா'ன்னு. நீங்க நோட்டீசு ஒட்டுனது அவங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

"ஊர்ல ஒட்டுனதுதான ஏட்டி. யாராவது சொல்லியிருப்பாவ."

"பதினெட்டுன்னு சொல்லுதாவம்மா. பதினெட்டுன்னு எண்ணிச் சொல்லுதாவ."

நான் ஹெட்போனில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன், எனக்குக் கேட்பதுபோல அவர்களுக்கும் கேட்டுவிடும் என்பதைப்போல.

தொடர்பில்லை. தொடர்பில்லை. தொடர்பில்லை. என்னால் இப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று ஏழு மணிப் பேச்சு மூன்று நிமிடம்.

"விசா போச்சுன்னா மறுபடி கெடைக்காதும்மா. ஒனக்குக் குழாய்தான் பெரிசு."

"அப்டிப் பேசாத ஏட்டி."

"நான் எப்டிப் பேசணும்? எதப் பேசணும்? நம்ம வீட்டுல சிரிச்சது வரைக்கும் எவனோ எழுதி வச்சிருக்கான். இனிமே என்னைய கூப்புடாத. போலீஸ் சீட்டு வந்தா நானே கூப்புடுதேன். வரலன்னா கூப்புட மாட்டேன்."

வைத்துவிட்டாள். செசிலி "ஏட்டி, ஏட்டி ஜெனா" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் இணைப்பு அறுந்தது தெரிந்திருக்கிறது.

எவனோ என்றாள். எவளோ என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஏழு மணிக்கு அழைப்பு இல்லை. மற்றவை மூன்று: ஐஸ், நாத்தனார், ஐஸ்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு கேட்டால் மாற்றிச் சொல்லக் கூடாது.

அலுவலகம் முடிந்து பேருந்தில் ஏறாமல் கடற்கரைக்கு நடந்தேன். மணல் தொடங்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு என் சொந்தக் கைப்பேசியிலிருந்தே செசிலியின் எண்ணை அழுத்தினேன். எண் மனப்பாடம். வேறு யாருடைய போனையும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏட்டி ஜெனா?"

"நான் ஜெனா இல்ல. ஒங்களுக்கு என்னைய தெரியாது. வச்சிராதீங்க, அஞ்சு நிமிசம்."

"யாரு?"

"ஒங்க போனக் கேக்குறவ."

கடல் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை பதினான்கு, ஆடு, பதினெட்டு நோட்டீஸ், நான் அழுத்தியது, அதனால் ஜெனோவாவின் பெயர் ஏறியது. பேச ஆரம்பித்ததும் என் நாக்கு தானாக ஊருக்குப் போய்விட்டது. இரண்டு வருடமாக நான் அப்படிப் பேசியதில்லை.

"நம்ம பக்கத்துப் பேச்சால்லா இருக்கு," என்றார் செசிலி மெதுவாக. "எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"நம்ம பிள்ளையா?" என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதுபோல இல்லை. "ஆடு நோட்டீசு தின்னதுல என்னத்தட்டி கண்டுபுடிச்ச? எதுக்கு எழுதுன?"

"எழுதலன்னா அழிஞ்சிரும்."

"அழிஞ்சா என்ன?"

"திரும்பக் கேக்க முடியாது."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. "எம்பிள்ள ஆஸ்டல்ல ஒத்தையில கெடந்து அழுதா. அவ சிரிக்கதுக்குச் சொன்னேன். ஒனக்கா சொன்னேன்?"

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ என்ன வேல பாக்கன்னு ஒங்க அம்மைக்குத் தெரியுமா?"

"அம்மா இல்ல. செத்துட்டாவ."

"அப்ப அவ தப்பிச்சா."

நான் எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்ததை வேகமாகச் சொன்னேன். வக்கீல் வைத்து, ஏன் சர்டிபிகேட் தரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள், கோர்ட்டுக்குப் போங்கள், நான் சாட்சி சொல்கிறேன், என் பெயர் அமலி.

"கோர்ட்டுக்குப் போனா எத்தன நாள் ஆவும்?"

"தெரியல. மாசம், வருசம்..."

"விசா பத்து நாள்ல முடியுது." அவர் பெருமூச்சு விட்டார். "இங்க பாரு. நேத்து ரெண்டு பேரு வந்தாவ. சங்கத்துல இருந்து வெலகிட்டேன், குழாய்க்கு ஆட்சேபன இல்லன்னு எழுதிக் குடுத்தா பிள்ளைக்குச் சீட்டு வந்துரும்னாவ. நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

"வேண்டாம்மா. அதுக்குத்தான் இவ்வளவும் செய்யுதாங்க."

"எனக்குத் தெரியாதா? ஆறு வருசம் கலெக்டர் ஆபீசு வாசல்ல கெடந்தவ நான்." பிறகு, ஜெனோவாவிடம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது வரும் அதே கறாரான குரலில் சொன்னார்: "நீ ஒரு ஒதவி செய்யணும்னு நெனச்சியன்னா, எம்பிள்ள பிளேன் ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காத. சாட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சத்தம் வந்தா சீட்டு வராது. கேட்டியா?"

"கேட்டேன்."

"அதான் ஒனக்கு வேல," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எண் 41: நேற்றைய அழைப்புகள் 6 என்று திரையின் மேல்வரியில் இருக்கிறது. என் வரிசையில் வந்தவை ஐந்து.

சௌந்தரி மதியம் சாப்பிட வேறு மேசைக்குப் போனாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நடேசமூர்த்தி சார் கதவைச் சாத்தச் சொன்னார். எனக்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்.

"சௌந்தரிதான் கேட்டாங்க. உங்க குரல்னு தெரிஞ்சதும் அழுதுட்டாங்க, பாவம். ஆனா குறிச்சுட்டாங்க."

"சரி சார்."

"பயப்படாதீங்க. நீங்க கூப்பிட்டது ஒருவகையில நல்லதாப் போச்சு. அந்தம்மா சனிக்கிழமை எழுதிக் குடுத்துட்டாங்க. நோக்கம் நிறைவேறியாச்சு. நாப்பத்தொண்ணை மூடலாம்." ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து."

தாளில் இருந்தது: 21ஆம் தேதி எண் 41-க்கு நான் செய்த அழைப்பு, சம்பந்தப்பட்டவரை நல்வழிக்குக் கொண்டுவரும் பொருட்டு, மேலதிகாரியின் அறிவுறுத்தலின்படி செய்யப்பட்டது.

"இது உண்மை இல்லையே சார்."

"உண்மை எதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கையெழுத்துப் போடலன்னா நீங்க ரகசியத்தை வெளியிட்டதா ஆகும். உங்கமேல கேஸ், விசாரணை. அது முடியற வரைக்கும் நாப்பத்தொண்ணைத் திறந்தே வைக்கணும். நாப்பத்தொண்ணு 'அ'வையும்தான்." அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "பொண்ணுக்கு முப்பதாம் தேதி ஃப்ளைட்டாமே. சர்டிபிகேட் இந்த அலமாரியில இருந்துதான் போகணும்னு இல்ல. ஆனா இங்கேருந்து ஒரு போன் போனாத்தான் போகும்."

வழக்கு வரட்டும் என்று கேட்டு வாங்க நான் ஆசைப்பட்டேன் என்பதை இங்கே எழுத வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் மனத்தில் ஒத்திகை பார்த்தேன். கூண்டில் நின்று ஆட்டுக்கதையை முழுதாகச் சொல்வேன், நீதிபதியும் சிரிப்பார், எழுத்தர் சிரிப்பார், எல்லாம் பொய்யாகிப்போகும். என் மனசாட்சிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கையெழுத்துப் போட்டேன். இனி நான் எந்தக் கோர்ட்டில் என்ன சொன்னாலும் இந்தத் தாள் அதைப் பொய்யாக்கும். ஆறு வருடம் வெயிலில் நின்ற ஒருவரை மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தவள் என்று என் பெயர் அரசின் கோப்பில் இருக்கும். செசிலியின் ஊரில் கொஞ்ச நாளில் குழாய் இறங்கும்.

"நல்ல கையெழுத்தும்மா," என்றார் சார். பிறகு என் முன்னாலேயே போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, "அந்த நர்ஸ் பொண்ணு விஷயம். விட்டுடலாம்," என்றார்.

அதற்கு ஐந்து வார்த்தைதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

விலகல் கடிதம் கொடுத்தேன். ஹெட்போனைத் துடைத்து ஒப்படைத்தேன். படிக்கட்டில் சௌந்தரி நின்றிருந்தாள்.

"நான் குறிக்கலன்னா எம்மேல வந்திருக்கும் புள்ள."

"தெரியும்."

"நீ பேசினதுல பாதி எனக்குப் புரியவே இல்ல. அந்தம்மா கடைசியில என்ன சொன்னாங்க?"

"வாயைத் திறக்காதேன்னாங்க."

அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். ஒரு படி இறங்கி நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

துணி துவைத்தேன். நூலகத்துக்குத் தாமதமான புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பாதிதான் படித்திருந்தேன். பழைய பதிப்பகத்துக்கு மெய்ப்பு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினேன்.

ஜெனோவாவின் விமானம் நேற்று. சர்டிபிகேட் கைக்கு வந்ததா, ஏறினாளா, ஏறுவதற்கு முன்பு அம்மாவைக் கூப்பிட்டாளா, கூப்பிட்டால் முதலில் யார் பேசினார்கள், பேசும்போது எதையாவது சொல்லிச் சிரித்தார்களா, இல்லை, இனி போனில் சிரிப்பதே இல்லை என்று ஆகிவிட்டதா.

தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை.